ஆறு பேர் பயணம், அட்டை ஒன்று: விமான நிலைய லவுஞ்சுக்குக் குடும்பத்தை எப்படி அழைத்துப் போவது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து இந்தியாவுக்குக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரு வேன் நிறையத்தான் கிளம்புவார்கள். தாத்தா, பாட்டி, மகன், மருமகள், பள்ளி விடுமுறையில் இருக்கும் இரண்டு பிள்ளைகள். சில நேரம் கூடவே ஒரு சித்தியும் இருப்பார். உட்கார்ந்து சாப்பிட்டு இளைப்பாறும் தனிக் கூடமான விமான நிலைய லவுஞ்சோ ஒற்றை ஆளாக, வேலை விஷயமாக அடிக்கடி பறக்கிறவரை மனதில் வைத்து வந்த ஏற்பாடு. வங்கி அட்டை, உறுப்பினர் அட்டை, பிசினஸ் கிளாஸ் டிக்கெட் என்று எதை நீட்டினாலும் அதில் இருப்பது ஒரு பெயர். அதனால் "எந்த அட்டைக்கு லவுஞ்ச் இலவசம்?" என்ற கேள்வியை நான் இரண்டாவதாகத்தான் வைப்பேன். நம் வீட்டில் யாருக்கு அது உண்மையிலேயே தேவை, அட்டையை நீட்டினால் யார் வெளியே நிற்பார்கள் என்பதுதான் முதல் கேள்வி.

அதற்கும் முன்னால் நேரக் கணக்கைப் போட்டுவிட வேண்டும். நம் ஊரிலிருந்து கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையமான கேஎல்ஐஏ வரை வேனில் மூன்றரை மணி, நான்கு மணி நேர ஓட்டம். தஞ்சோங் மாலிமிலிருந்து ரவாங் வரை எப்போது நெரிசல் பிடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே எல்லோரும் தாராளமாக நேரம் வைத்தே கிளம்புகிறோம். இரவு 9 மணி விமானத்துக்கு மதியம் 12 மணிக்கு வண்டி எடுத்தால், சாலை நன்றாக இருக்கும் நாளில் 4 மணிக்கே போய் நிற்போம். பெட்டி போடும் கவுண்டர் பொதுவாக மூன்று மணி நேரத்துக்கு முன்புதான் திறக்கும். பெட்டியைப் போட்டு, விசா பார்த்து, பாதுகாப்புச் சோதனையும் குடிநுழைவும் முடித்து உள்ளே போகும்போது 7 மணி ஆகிவிடும். விமானத்தில் ஏறும் வாசல் கதவு புறப்பாட்டுக்கு இருபது நிமிடம் முன்பே மூடப்படும். வயதானவர்களை அழைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் நடக்க வேண்டுமென்றால் 8 மணிக்கே எழுந்தாக வேண்டும்.

அதாவது ஐந்து மணி நேரக் காத்திருப்பில் குடிநுழைவைத் தாண்டிய லவுஞ்சில் உட்காரக் கிடைப்பது ஒரு மணி நேரம். உடம்பை வாட்டுகிற நேரம் அதற்கு முந்தைய இரண்டு மணி நேரம்தான், ஆறு பெட்டிகளோடு வெளிப்பக்கத்தில் கழிகிற அந்த நேரம். லவுஞ்சுகளில் பலவும் உட்பக்கத்தில்தான் இருக்கின்றன. முன்பதிவு செய்யும் பக்கத்தில் இடம் எது, குடிநுழைவுக்கு முன்னாலா பின்னாலா என்று போட்டிருப்பார்கள். விலையைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த ஒரு வரியைப் பாருங்கள். நம்மைப் போல தூரத்து ஊரிலிருந்து போகிறவர்களுக்கு மொத்த முடிவும் அந்த வரியில்தான் இருக்கிறது.

சரி, வழிகளுக்கு வருவோம்.

நேரடியாகக் காசு கொடுத்துப் போவதுதான் எல்லாவற்றிலும் எளிமையானது. 1998இல் ஹாங்காங்கிலும் கேஎல்ஐஏவிலும் தொடங்கிய பிளாசா பிரீமியம் போன்ற நிறுவனங்கள், எந்த விமானம், எந்த வகுப்பு என்று பார்ப்பதில்லை. இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் என்று தலைக்கு இவ்வளவு என வாங்கிக்கொண்டு உட்கார வைக்கிறார்கள். இரண்டு வயதுக்குக் கீழுள்ள குழந்தைக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை, சிறுவர்களுக்குக் குறைத்துக் கொடுக்கும் இடங்களும் உண்டு. கவுண்டரில் போய் நின்று கேட்கும் விலையை விட இணையத்தில் முன்கூட்டி வாங்கும் விலை பெரும்பாலும் குறைவு. அப்படியே வாங்கினாலும் தலைக்கு நூறு ரிங்கிட்டைத் தாண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பேருக்கு அறுநூறுக்கு மேல். ஒரு மணி நேரத்துக்கு இது அதிகம். அதே பணத்தில் உணவுக்கூடத்தில் ஆறு பேரும் வயிறாரச் சாப்பிட்டு, மிச்சத்தில் ஊரில் இறங்கியதும் டாக்சியும் பிடிக்கலாம்.

ஆனால் இந்த வழிக்கு மற்ற எதற்கும் இல்லாத ஒரு நல்ல குணம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் யாருக்காகவும் வாங்கலாம். தோட்டத்துப் பக்கத்து ஊர்களில் பிள்ளைகள் பாதிப் பேர் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோதான் வேலை செய்கிறார்கள். அப்பா அம்மா இரண்டு பேர் மட்டும் திருச்சிக்குப் போகிறார்கள் என்றால், மகள் ஜொகூரில் உட்கார்ந்துகொண்டே அவர்கள் பெயரில் இரண்டு இடம் வாங்கி, அந்த உறுதிச் சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம். வங்கி அட்டையில் இது நடக்காது. அட்டையில் இருக்கும் பெயரும் போர்டிங் பாஸில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும், அட்டைக்காரர் நேரில் நிற்க வேண்டும். "என் கார்டை எடுத்துட்டுப் போங்கப்பா, காட்டினா விட்ருவாங்க" என்று கொடுத்தனுப்பினால், எழுபது வயதுப் பெரியவர் கவுண்டரில் நின்று பதில் சொல்ல முடியாமல் தவிப்பார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

அடுத்தது கடன்பற்று அட்டை. நம்மவர்கள் அதிகம் விசாரிப்பதும் இதைத்தான், அதிகம் குழம்புவதும் இதில்தான்.

மலேசியாவில் அட்டை எடுக்க ஆண்டு வருமானம் குறைந்தது 24,000 ரிங்கிட் இருக்க வேண்டும். ஆனால் அந்த அளவில் கிடைக்கும் அட்டையில் லவுஞ்சை எதிர்பார்க்க முடியாது. தாராளமாக லவுஞ்ச் கொடுக்கும் அட்டைகள் பலவும் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரிங்கிட் அளவில் வருமானம் கேட்கும். இடையில் இருப்பவை ஆண்டுக்குச் சில முறை என்று எண்ணிக் கொடுக்கும். அந்த "சில முறை"க்குள்தான் குடும்பக் கணக்கு மாட்டிக்கொள்கிறது. வங்கிக்குப் போன் போட்டு மூன்று விஷயங்களைக் கேளுங்கள். விருந்தினரை அழைத்துப் போகலாமா, போனால் அவருக்கும் சேர்த்து இரண்டு முறை கழியுமா? உங்கள் கணக்கிலேயே குடும்பத்தாருக்கு எடுக்கும் துணை அட்டைக்குத் தனியாக எண்ணிக்கை உண்டா, அல்லது முதன்மை அட்டையோடு ஒரே கணக்கா? முந்தைய மாதங்களில் இவ்வளவு செலவழித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா? ஆண்டுக்கு நான்கு முறை என்று விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருக்கும். விருந்தினரும் அதிலேயே கழிவார் என்றால், கணவன் மனைவி போகும்போது இருவர், வரும்போது இருவர், அதோடு அந்த ஆண்டு முடிந்தது. தாத்தாவும் பாட்டியும் அந்தக் கணக்கில் வரவே இல்லை.

துணை அட்டை நல்ல வழிதான், வங்கி அதற்குத் தனி எண்ணிக்கை கொடுத்தால். பெரும்பாலும் 18 வயது நிறைந்தவருக்குத்தான் துணை அட்டை, ஆகவே பிள்ளைகளுக்குக் கிடையாது. பெரியவர்களுக்கு எடுக்கலாம். ஒவ்வொரு அட்டைக்கும், துணை அட்டையையும் சேர்த்துத்தான், ஆண்டுக்கு 25 ரிங்கிட் சேவை வரி உண்டு. ஆண்டுக் கட்டணத்தை வங்கி தள்ளுபடி செய்தாலும் இந்த வரி தனியாக வரும். அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று என்று இரண்டு எடுத்தால் 50 ரிங்கிட். காசு கொடுத்து வாங்கும் இரண்டு பேர் கட்டணத்தோடு ஒப்பிட்டால் இது சின்னத் தொகை. ஆனால் துணை அட்டையில் யார் என்ன செலவழித்தாலும் பொறுப்பு முதன்மை அட்டைக்காரருடையது. இதை வீட்டில் வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். லவுஞ்சுக்காகவே புதிதாக அட்டை எடுப்பதை நான் எந்தக் குடும்பத்துக்கும் பரிந்துரைக்க மாட்டேன். மலேசியாவில் நிலுவைக்கு வட்டி ஆண்டுக்கு 15 முதல் 18 சதவிகிதம். குறைந்தபட்சத் தொகையான 5 சதவிகிதத்தை மட்டும் கட்டிக்கொண்டே போனால், பயணத்துக்கு வாங்கிய துணிமணிக்கும் நகைக்கும் கட்டும் வட்டியில் லவுஞ்சுக் காசு பல மடங்காகப் போய்விடும். ஏற்கெனவே அட்டை வைத்திருந்து, மாதாமாதம் முழுத் தொகையும் கட்டுகிறவர் என்றால், அந்த அட்டையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள், இருப்பதைப் பயன்படுத்துங்கள். அவ்வளவுதான்.

அட்டையால் வரும் இன்னொரு சங்கடம் கவுண்டரில்தான் தெரியும். பணியாளர் அட்டையைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்கும் ஒரு விருந்தினருக்கும்தான்" என்பார். பின்னால் ஐந்து பேர் நிற்பார்கள். எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டு, "நீயும் தாத்தாவும் போங்கப்பா, நான் பிள்ளைங்களோட இங்கயே உக்காந்துக்கிறேன்" என்று முதலில் சொல்கிறவர் பாட்டியாகத்தான் இருப்பார். அந்தக் கூட்டத்திலேயே முழங்கால் மோசமாக இருப்பது அவருக்குத்தான். மகன் சங்கடப்பட்டு, மீதிப் பேருக்கும் கவுண்டர் விலையில் காசு கட்டுவார், அல்லது எல்லோரும் திரும்பி நடப்பார்கள். யார் உள்ளே போவது என்பதை வீட்டிலேயே, பெட்டி கட்டும்போதே முடிவு செய்துவிட்டால் இந்த நிலை வராது.

பிரயாரிட்டி பாஸ் மாதிரி உறுப்பினர் அட்டைகளைப் பற்றி ஒரு கணக்கே போதும். அதன் அமெரிக்க விலைப்பட்டியலை எடுத்துக்கொள்வோம். குறைந்த வகை ஆண்டுக்கு 99 டாலர், ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் 35 டாலர். எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம் என்கிற உயர்ந்த வகை 469 டாலர். ஆனால் அந்த உயர்ந்த வகையிலும் விருந்தினருக்குத் தலைக்கு 35 டாலர் உண்டு. ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு போனால் ஒரு முறைக்கு 175 டாலர், நம் காசில் ஏறக்குறைய 700 ரிங்கிட். ஆண்டுக் கட்டணம் கட்டிய பிறகும் இவ்வளவு. மாதத்துக்கு இரண்டு முறை தனியாகப் பறக்கிறவருக்கு இது சரியான பொருள். ஆண்டுக்கு ஒரு முறை குடும்பத்தோடு ஊருக்குப் போகிறவர் இதை வாங்க வேண்டாம். வங்கி அட்டையோடு இலவசமாக வந்திருந்தால் வேறு விஷயம். அப்போதும் விருந்தினர் கட்டணம் கவுண்டரில் கேட்கப்படாமல், பிறகு அட்டைக் கணக்கில் டாலராக வந்து விழும் என்பதை நினைவில் வையுங்கள்.

பிசினஸ் கிளாஸ் டிக்கெட் எடுத்தால் அந்தப் பயணிக்கு லவுஞ்ச் உண்டு, கூட வருகிறவருக்கு இல்லை. அடிக்கடி பறப்பவர்களுக்கான மலேசியா ஏர்லைன்ஸின் என்ரிச் திட்டத்தில் கோல்ட் நிலையை எட்டியவர், ஒன்வேர்ல்ட் என்ற விமான நிறுவனக் கூட்டணியின் விதிப்படி ஒரு விருந்தினரை அழைத்துப் போகலாம். அடிக்கடி அந்த விமானத்தில் பறக்கும் பொறியாளரோ அதிகாரியோ வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். ஆனால் திருச்சிக்கு நம் ஆட்கள் அதிகம் ஏறும் ஏர் ஏசியா அந்தக் கூட்டணியில் இல்லை. அங்கே இந்தத் தகுதி செல்லாது.

இனி, லவுஞ்சே இல்லாமல் போவது. இதை வேறு வழியில்லாதவர்கள் எடுக்கும் முடிவாக நினைக்காதீர்கள். வயதானவர்களுக்கு லவுஞ்சை விடப் பெரிய உதவி சக்கர நாற்காலி. டிக்கெட் எடுக்கும்போதே, அல்லது குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பே, விமான நிறுவனத்திடம் சொல்லிவிட்டால் கவுண்டரிலிருந்து விமானக் கதவு வரைக்கும் தள்ளிக்கொண்டு போவார்கள். பாதுகாப்புச் சோதனையிலும் குடிநுழைவிலும் நீண்ட வரிசையில் நிற்க வேண்டிய நிலை பெரும்பாலும் வராது, கூட ஒருவரையும் விடுவார்கள். கேஎல்ஐஏவில் ஏர் ஏசியா புறப்படும் முனையம் 2இல் வாசல்களுக்குப் போகும் தூரத்தை நடந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். பாலத்தின் மேலேறி நடப்பது மட்டுமே 300 மீட்டர். பாட்டியின் முழங்காலுக்கு ஒரு மணி நேர மெத்தை நாற்காலியை விட அந்த நடை மிச்சமாவது முக்கியம். லவுஞ்சுக்குக் காசு ஒதுக்குகிற குடும்பமும் இதை முதலில் கேட்டு வாங்கட்டும்.

வெளிப்பக்க இரண்டு மணி நேரத்துக்கு முனையம் 2இல் ஒட்டியே இருக்கும் கேட்வே கடைத்தொகுதி இருக்கிறது. அங்கே மூன்று மணி, ஆறு மணி, பன்னிரண்டு மணி நேரம் என்று எடுக்கக்கூடிய கேப்சூல் டிரான்சிட் தங்குமிடமும் உண்டு. விடியற்காலை விமானத்துக்கு முதல் நாள் இரவே போய்விடுகிறவர்களுக்கு, கால் நீட்டிப் படுக்க லவுஞ்சை விட இது மேல். பெரியவர்களுக்கு எடுத்தால் கீழ்ப் படுக்கை கேளுங்கள், மேல் படுக்கைக்கு ஏணி ஏற வேண்டும்.

சாப்பாட்டு விஷயத்தையும் யோசிக்க வேண்டும், ஏனென்றால் லவுஞ்சுக்குக் கொடுக்கும் காசில் பெரும்பகுதி சாப்பாட்டுக்குத்தான். வரிசையாக மூடி போட்ட பாத்திரங்களில் சோறு, கோழிக் கறி, மீகூன் கோரெங், ஓரத்தில் சூப்பு, ரொட்டி, காப்பி இயந்திரம். மாலை போட்டவரோ விரதம் இருப்பவரோ வந்தால் அதில் பாதியைத் தொட முடியாது. மீகூனில் காய்கறிதான் தெரியும், கிளறிப் பார்த்தால் உலர்ந்த இறால் இருக்கும். சம்பல் என்றாலே நெத்திலியோ பெலாச்சான் என்கிற இறால் விழுதோ இருக்கும். கடைசியில் ரொட்டியும் பழமும் காப்பியும்தான் மிஞ்சும். சைவப் பெரியவருக்கு நூறு ரிங்கிட் கட்டுவதற்கு முன் இதைக் கணக்கில் எடுங்கள். வீட்டு இட்லியைப் பொடி தடவி எடுத்துப் போகலாம், சோதனையில் பிரச்சினை இல்லை. சட்னியும் சாம்பாரும் திரவக் கணக்கில் வரும், 100 மில்லிலிட்டரைத் தாண்டினால் எடுத்து வைத்துவிடுவார்கள். வீட்டுச் சாப்பாட்டை லவுஞ்சுக்குள் வைத்துச் சாப்பிடப் பொதுவாக விடமாட்டார்கள், அதனால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

நான் எப்படி முடிவெடுப்பேன் என்று கேட்டால், தாத்தா பாட்டியோடு ஆறு பேர் போகும் வீட்டுக்கு மூன்று இடம் மட்டும் காசு கொடுத்து வாங்குவேன். பெரியவர்கள் இருவர், கூடப் பார்த்துக்கொள்ள ஒருவர். வீட்டில் ஒரு அட்டை இருந்து அதில் விருந்தினரும் உண்டென்றால், அந்த மூன்றில் இரண்டு அட்டையிலேயே போய்விடும், ஒன்றுக்குத்தான் காசு. மீதி மூன்று பேர் வாசலருகே உட்காரட்டும், பிள்ளைகளுக்கு விமானம் பார்க்கவே நேரம் போதாது. பெரியவர்கள் இல்லாமல் கணவன் மனைவி பிள்ளைகள் மட்டும் என்றால் காசு கொடுத்துப் போகவே வேண்டாம். சின்னக் குழந்தை இருந்து, விமானம் நள்ளிரவு என்றால் மட்டும் யோசிக்கலாம். பெற்றோர் இருவர் மட்டும் போகிறார்கள் என்றால், வெளியூரில் இருக்கும் பிள்ளை கண்டிப்பாக வாங்கிக் கொடுக்கட்டும். செலவுக்கு முழுப் பலன் கிடைப்பது அங்கேதான்.

இன்னொரு வழியும் இருக்கிறது. 2024 டிசம்பரில் இண்டிகோ சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே நேரடி விமானம் விட்டது. நம் ஊரிலிருந்து பினாங்கு விமான நிலையத்துக்கு இரண்டு மணி நேரம் போல ஆகும். போகும் தேதியில் அந்தச் சேவை இருக்கிறதா என்று பார்த்து, டிக்கெட் விலை கொஞ்சம் கூடினாலும் லவுஞ்சுக்கு ஒதுக்கிய பணத்தை அதில் போடலாம். சாலையில் இரண்டு மணி நேரம் குறைந்தால், முன்கூட்டிப் போய்க் காத்திருக்கும் நேரமும் குறைகிறது. சென்னைப் பக்கம் சொந்தம் உள்ளவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

லவுஞ்ச்தான் என்று முடிவு செய்தவர்கள், வாங்கும்போது முனையத்தை இரண்டு முறை சரிபாருங்கள். ஏர் ஏசியா முனையம் 2, மலேசியா ஏர்லைன்ஸும் பாத்திக் ஏரும் முனையம் 1. இரண்டுக்கும் இடையே இரண்டு கிலோமீட்டர், ரயிலில் மூன்று நிமிடம்தான், ஆனால் குடிநுழைவு முடித்த பிறகு ஒன்றிலிருந்து இன்னொன்றின் லவுஞ்சுக்குப் போக முடியாது. முனையம் 1இல் லவுஞ்ச் துணைக் கட்டடத்திலும் உங்கள் வாசல் பிரதான கட்டடத்திலும் இருந்தால், 2025 ஜூலையில் மீண்டும் ஓடத் தொடங்கிய ஏரோடிரெயினில் போய்த் திரும்பவே நேரம் போய்விடும்.

திரும்பி வரும் பயணத்துக்கு வேறு கணக்கு. இந்தியாவில் டிக்கெட்டும் கடப்பிதழும் இல்லாதவரை முனையத்துக்குள் விடமாட்டார்கள். சொந்தக்காரர்கள் வாசலில் விடைபெற்றதும் பெட்டி, பை, கோயில் பிரசாதம் எல்லாம் உங்கள் கையில்தான். 2024இல் திறந்த திருச்சிப் புது முனையம் பழையதை விட விசாலம், உட்கார இடமும் தாராளம், அங்கே லவுஞ்சுக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம். இந்திய விமான நிலைய லவுஞ்சுகளில் வங்கி அட்டைக் கூட்டம் அதிகம், இடம் நிறைந்துவிட்டால் அட்டை இருந்தாலும் வாசலில் நிறுத்திவிடுவார்கள். நள்ளிரவு விமானத்துக்குப் பெரியவர்களுக்கு வேண்டும் என்றால் போகும்போதே சேர்த்து வாங்காமல், விமான நேரம் மாறவில்லை என்று உறுதியான பிறகு, கிளம்புவதற்கு முந்தைய நாள் போனிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். முன்கூட்டி வாங்கியதை ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பது ஒவ்வொரு லவுஞ்சுக்கும் ஒரு விதமாக இருக்கும்.